பீனிக்ஸ் பகுதியின் பழைய வீடுகள்: அட்டிக்கில் வெப்பக்காப்பைக் கூட்டுவதற்கு முன் எதைச் செய்ய வேண்டும்?

டெம்பேவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரிசோனாவில் பீனிக்ஸை அடுத்த டெம்பே நகரில் 1964-இல் கட்டப்பட்ட ஒற்றைத்தள வீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். வெப்பக்காப்பு ஏதுமற்ற சிமென்ட் பிளாக் சுவர்கள், சரிவு குறைந்த கூரை, கூரையின் மேலேயே நிறுவப்பட்ட நான்கு டன் ஏசி, சுமார் 1,500 சதுர அடி சீலிங். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவேயுள்ள அட்டிக்கிற்குள் எட்டிப் பார்த்தபோது, சீலிங்கைத் தாங்கும் ஜாய்ஸ்ட் கட்டைகளுக்கு நடுவே மூன்றரை அங்குல ஃபைபர்கிளாஸ் பட்டைகள் மட்டும்தான் தெரிந்தன. அவையும் பல இடங்களில் விலகியும் நசுங்கியும் கிடக்கின்றன.

தெர்மோஸ்டாட்டில் 78 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்தாலும், ஜூலை மாத மாலைகளில் மேற்குப் பக்கப் படுக்கையறை 84 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் என் மாமியார் அந்த அறையில்தான் இருக்கிறார் என்பதால், இதை அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை.

மூன்று நிறுவனங்களை அழைத்து விலை கேட்டேன். ஒருவர் பழைய பட்டைகளின் மேலேயே ஆர்-60 (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) வரும்வரை ஃபைபர்கிளாஸ் தூளை ஊதிவிடலாம் என்கிறார். இரண்டாமவர் வெப்பக்காப்பைத் தொட வேண்டாம், கூரையைத் தாங்கும் ராஃப்டர் கட்டைகளின் அடியில் அலுமினியத் தாள் ஒட்டி, சூரிய மின்சாரத்தில் ஓடும் விசிறி ஒன்றை வைத்தால் போதும் என்கிறார். மூன்றாமவர் கூரைப் பலகையின் அடியில் ஸ்ப்ரே ஃபோம் அடித்து அட்டிக்கையே மூடிவிடச் சொல்கிறார். மூன்றுக்கும் விலையில் மிகுந்த வேறுபாடு உள்ளது. இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேசா_தணிக்கையாளர் எழுதியது:

வணக்கம் நண்பரே. வீடுகளின் ஆற்றல் தணிக்கைதான் என் தொழில். உங்கள் வீட்டைப் போன்றவற்றை வாரந்தோறும் பார்க்கிறேன். மூன்று நிறுவனங்களும் அவரவர் விற்கும் பொருளைச் சொல்லியிருக்கிறார்களே தவிர, உங்கள் குளிர்காற்று எந்த வழியாகப் போகிறது என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கோடை மாலையில் இங்குள்ள அட்டிக்குகளில் 140 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பது இயல்பு. வீட்டுக்குள் 78 என்றால் வேறுபாடு 62 டிகிரி. சீலிங்கின் பரப்பை இந்த 62-ஆல் பெருக்கி ஆர் மதிப்பால் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் சீலிங் வழியாக இறங்கும் வெப்பம் ஏறத்தாழக் கிடைக்கும். உங்களிடம் இருப்பதை ஆர்-11 என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும் அது சுமார் 8,450 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). ஆர்-38 ஆக்கினால் 2,450-க்கு இறங்கிவிடும். அதாவது அரை டன் ஏசியின் சுமை மிச்சம். ஆர்-38-ஐ ஆர்-60 ஆக்கினால் மேலும் மிச்சமாவது வெறும் 900 பி.டி.யு. முதல் பத்து அங்குலத்துக்குக் கொடுக்கும் பணம் நன்றாக வேலை செய்யும், அதற்கு மேல் போகப் போகப் பலன் சுருங்கிக்கொண்டே வரும். பீனிக்ஸ் அடங்கிய 2-ஆம் காலநிலை மண்டலத்தில், ஏற்கெனவே மூன்று நான்கு அங்குலம் வெப்பக்காப்பு உள்ள அட்டிக்கிற்கு அமெரிக்க அரசின் ஆற்றல் சேமிப்புத் திட்டமான எனர்ஜி ஸ்டார் பரிந்துரைப்பதும் ஆர்-38-தான். 2021-ஆம் ஆண்டின் ஆற்றல் விதித்தொகுப்பு இதே மண்டலத்தின் புது வீடுகளுக்கு ஆர்-49 கேட்கிறது.

இப்போது இதையும் பாருங்கள். உங்கள் ஏசி நான்கு டன், அதாவது மணிக்கு 48,000 பி.டி.யு. அதன் காற்று கூரையிலிருந்து இறங்கி அட்டிக்கில் உள்ள டக்ட்கள் எனும் காற்றுக் குழாய்கள் வழியாகத்தான் அறைகளுக்கு வருகிறது. அந்தக் காற்றில் 15 சதவீதம் இணைப்புகளில் கசிந்து அட்டிக்கிலேயே போய்விட்டால் இழப்பு 7,200 பி.டி.யு. அறுபது வருட வீட்டில் 15 சதவீதம் என்பது மோசமான நிலையே அல்ல. சாதாரண வீடுகளின் டக்ட்களில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலும் சரியாகப் பொருந்தாத இணைப்புகளிலும் போய்விடுகிறது என்று எனர்ஜி ஸ்டாரே குறிப்பிடுகிறது.

கசிவால் ஏற்படும் கேடு அத்துடன் நிற்பதில்லை. அட்டிக்கில் போன காற்றின் அளவுக்கு வீட்டுக்குள் அழுத்தம் குறைகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, சீலிங் விளக்குகளின் ஓரம், குளியலறை விசிறியின் ஓரம், சுவருக்குள் ஒயர் இறங்கும் துளைகள் என எல்லா வழியாகவும் 140 டிகிரிக் காற்று வீட்டுக்குள் இழுக்கப்படுகிறது. இந்த நிலையில் மேலே எத்தனை அங்குலம் தூள் ஊதினாலும் பயன் பாதிதான், ஏனெனில் ஃபைபர்கிளாஸ் வெப்பத்தைத் தடுக்குமே ஒழியக் காற்றைத் தடுக்காது. ஆகவே முதலில் டக்ட், பிறகு சீலிங்கின் துளைகள், கடைசியாகத்தான் வெப்பக்காப்பு. இந்த வரிசை மாறினால், ஊதிய தூளுக்கு அடியில் புதைந்துபோன துளைகளைப் பிறகு யாரும் தேடப் போவதில்லை.

வடிவு_சாண்ட்லர் எழுதியது:

தணிக்கையாளர் ஐயா சொல்லும் வரிசைதான் சரி என்பதை எங்கள் வீட்டில் கண்கூடாகப் பார்த்தோம். எங்களுடையது 1980-களின் வீடு. துளைகளை அடைக்கும் வேலையை நானும் கணவரும் சேர்ந்தே செய்தோம், தூள் ஊதுவதற்கு மட்டும் ஆள் வைத்தோம்.

துளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பழைய ஃபைபர்கிளாஸ் பட்டையைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காற்று புகுந்து வெளியேறும் இடத்தில் பட்டை வடிகட்டியாக வேலை செய்து, புழுதியைப் பிடித்துக் கறுத்துப் போயிருக்கும். மஞ்சள் பட்டையில் கரித்துணி போல ஒரு திட்டு இருந்தால், அதற்கு நேர் கீழே நிச்சயம் ஒரு துளை இருக்கும். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட திட்டுகள் உள் சுவர்களின் மேல்கட்டைகளை ஒட்டியே வரிசையாக இருந்தன. எலக்ட்ரீஷியன் ஒயர் இறக்க அரை அங்குலத் துளை போதும் என்ற இடத்தில் ஒன்றரை அங்குலம் குடைந்து, அப்படியே விட்டுப் போயிருந்தார்.

கீழேயிருந்து பார்க்க வேண்டுமானால், ஏசி ஓடும்போது எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு, சீலிங் விளக்கின் விளிம்பருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை தானாக மேலே போக வேண்டும். எங்கள் கூடத்தில் இருந்த விளக்கு ஒன்றினடியில் அது கீழ்நோக்கி வளைந்து, கைப்பக்கம் திரும்பி வந்தது. அட்டிக் காற்று உள்ளே இறங்குகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டெம்பே நண்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் முன்பு ஸ்வாம்ப் கூலர் (நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் கருவி) இருந்ததா என்று விசாரியுங்கள். 1960-களின் வீடுகளில் பெரும்பாலும் இருந்திருக்கும். அந்தக் கூலர்கள் உள்ளே தள்ளும் காற்று வெளியேற வழி வேண்டும் என்பதற்காக, ஜன்னலைத் திறந்து வைப்பதற்குப் பதிலாகச் சிலர் சீலிங்கில் மடல் வைத்த திறப்புகளைப் பொருத்தினார்கள். காற்றழுத்தத்தில் மடல் மேலே தூக்கிக்கொண்டு, காற்று அட்டிக் வழியாக வெளியே போகும். கூலரை எடுத்துவிட்டு ஏசி வைத்தவர்கள் பலர் அந்தத் திறப்புகளை மூடவே இல்லை. பெயின்ட் அடித்த ஒரு சதுரத் தட்டு சீலிங்கில் காரணமில்லாமல் இருக்கிறதென்றால், அதை முதலில் கவனியுங்கள்.

சோனோரன் எழுதியது:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. இது பாலைவனம். நம்முடைய வெப்பம் முதன்மையாகக் கூரையில் விழும் வெயிலிலிருந்து வருகிறது. கூரைப் பலகை சூடேறி, கதிர்வீச்சாகவே வெப்பத்தைக் கீழே அனுப்புகிறது. அதைக் கூரையின் அடியிலேயே அலுமினியத் தாளால் தடுத்துவிட்டால், அட்டிக்கே அவ்வளவு சூடாகாது. டக்ட்களும் குளிர்ந்த சூழலில் இருக்கும். அப்படிச் செய்தால் நீங்கள் சொல்லும் 62 டிகிரி வேறுபாடே குறைந்துவிடுமே. வெப்பம் இறங்கிய பின் தடுப்பதைவிட இறங்காமலே தடுப்பது மேல் அல்லவா? என் வீட்டில் தாள் அடித்தபின் மாலையில் அட்டிக்கிற்குள் கை வைத்தாலே வேறுபாடு தெரிகிறது. இரண்டாவது நிறுவனத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மேசா_தணிக்கையாளர் எழுதியது:

சோனோரன் அவர்களே, நீங்கள் சொல்லும் அறிவியலில் பிழை இல்லை. வெயில் மிகுந்த பகுதிகளில் இத்தகைய தாள் குளிரூட்டும் செலவை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கும் என்று அமெரிக்க ஆற்றல் துறையும் சொல்கிறது. டக்ட்கள் அட்டிக்கில் ஓடும் நம் வீடுகளில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் டெம்பே நண்பருக்கு இருப்பது ஆர்-11, அதுவும் ஓட்டைகளோடு. கசிவை அடைத்து ஆர்-38 போட்டபின் தாள் ஒட்டினால் கூடுதலாகக் கிடைக்கும் பலன் சிறியதாகவே இருக்கும். தாளை மட்டும் ஒட்டிவிட்டுக் கசிவை விட்டுவிட்டால் இழப்பு தொடரும். அவரிடம் ஒரு வேலைக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால், அது தாளாக இருக்கக் கூடாது.

தாள் ஒட்டுவதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பளபளப்பான பக்கத்தின் முன்னால் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். ராஃப்டரின் அடியில் கீழ்நோக்கிப் பொருத்தினால் சரி. வெப்பக்காப்பின் மேல் பாயைப் போல் விரிப்பவர்களும் இருக்கிறார்கள். நம் ஊரின் புழுதிப் புயல்கள் வென்ட் வழியாக உள்ளே கொண்டுவந்து சேர்க்கும் தூசி அதன் மேல் படிந்தபின், அது பளபளப்பை இழந்து வெறும் தாளாகிவிடும்.

விசிறி விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, வேண்டாம். சீலிங்கில் துளைகள் உள்ள வீட்டில் அட்டிக் விசிறி ஓடினால், அது வெளிக்காற்றை மட்டும் இழுக்காது. நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றையும் துளைகள் வழியாக மேலே இழுத்து வெளியே தள்ளும். வீட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் புகையைத் திருப்பி உள்ளே இழுக்கும் அபாயமும் உண்டு.

மூன்றாமவர் சொன்ன ஸ்ப்ரே ஃபோம் நல்ல தீர்வுதான். டக்ட்கள் குளிர்ந்த பகுதிக்குள் வந்துவிடும். ஆனால் உங்கள் கூரையின் சரிவு குறைவு என்பதால், ஓரங்களில் ஆள் தவழ்ந்துகூடப் போக முடியாது. அங்கே சீராக அடிக்க முடியுமா என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அட்டிக்கை அப்படி மூடினால், உள்ளே கேஸ் எரிக்கும் கருவி எதுவும் வீட்டுக் காற்றை எடுத்துக்கொண்டு எரியக் கூடாது. செலவும் பல மடங்கு. கூரையைப் பிரித்துப் போடும் எண்ணம் இல்லாதவருக்கு இதை நான் முதலில் பரிந்துரைக்க மாட்டேன்.

டக்ட் வேலைக்கு வருபவரிடம் இணைப்புகளை மாஸ்டிக் என்ற கெட்டிப் பசையைப் பூசி அடைக்கச் சொல்லுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் கண்ணாடியிழை வலையை வைத்து அதன்மேல் பூச வேண்டும். துணியில் பசை தடவிய சாதாரண டக்ட் டேப் இந்த வேலைக்கு உதவாது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 1990-களின் இறுதியில் நடத்திய சோதனைகளில், மிக விரைவாகத் தோற்றது அந்த டேப்தான். வேலைக்கு முன்னும் பின்னும் அழுத்தச் சோதனை செய்து எண்ணைக் காகிதத்தில் தரும் ஒப்பந்ததாரரையே தேர்ந்தெடுங்கள். அடைத்து முடித்த டக்ட்களை ஊதும் தூளிலேயே புதைத்துவிடலாம். ஈரப்பதம் மிகுந்த மாநிலங்களில் அதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. நம் வறண்ட காற்றில் டக்ட்டின் மேல் நீர் கோக்கும் அபாயம் குறைவு.

பாலோவெர்தே எழுதியது:

பீனிக்ஸ் நடுப்பகுதியில் 1930-களின் வீட்டில் வசிக்கிறேன். வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டியவற்றைப் பற்றி யாரும் இன்னும் எழுதாததால் இதை எழுதுகிறேன். இவற்றுள் சில உயிர் சார்ந்தவை.

அட்டிக்கில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில், மினுமினுக்கும் சிறு கூழாங்கல் போன்ற பொருள் கிடந்தால் அது வெர்மிகுலைட்டாக இருக்கலாம். இந்த நாட்டில் விற்கப்பட்டதில் பெரும்பகுதி மொன்டானாவின் லிப்பி சுரங்கத்திலிருந்து வந்தது. 1990 வரை இயங்கிய அந்தச் சுரங்கத்தின் பொருளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதைத் தொடாமல், கிளறாமல், உரிமம் பெற்றவரை அழையுங்கள். பழைய டக்ட் இணைப்புகளில் சுற்றிய வெள்ளைக் காகிதம் போன்ற டேப்பிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். சோதிக்காமல் உரிக்க வேண்டாம்.

பீங்கான் குமிழ்களில் தாங்கிய தனித்தனி ஒயர்கள் என் வீட்டைப் போன்ற பழைய வீடுகளில் இருக்கும், 1964 வீட்டில் இருக்க வாய்ப்பில்லை. அவற்றின்மேல் தூள் ஊதக் கூடாது. அந்த ஒயர்கள் சுற்றியுள்ள காற்றில் வெப்பத்தை விட்டுத்தான் பிழைக்கின்றன. சீலிங்கில் பதித்த விளக்குகளுக்கும் இதே கவனம் தேவை. வெப்பக்காப்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று தரச்சான்று பெறாத பழைய விளக்காக இருந்தால், மூன்று அங்குல இடைவெளி விட்டாக வேண்டும். அதைவிட, காற்றுப் புகாத எல்.இ.டி. விளக்குகளாக மாற்றிவிடுவது நிம்மதி. வாட்டர் ஹீட்டரின் புகைக்குழாய் சீலிங்கைத் துளைக்கும் இடத்தை ஃபோம் அடித்து மூடக் கூடாது. தகரத்தை வெட்டிப் பொருத்தி, தீ தாங்கும் சீலன்ட் பூச வேண்டும். துளைகளை எல்லாம் அடைத்த பிறகு அந்த ஹீட்டரின் புகை சரியாக மேலே போகிறதா என்று சோதித்து, படுக்கையறைகளின் பக்கம் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வையுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் அட்டிக் வேலைக்கு ஏற்ற காலம். 2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரியைத் தொட்டன. அப்படிப்பட்ட நாட்களில் காலை எட்டு மணிக்குப் பிறகு யாரையும் அட்டிக்கில் ஏற்றாதீர்கள், கூலிக்கு வருபவரானாலும் சரி. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். பட்டையைத் தூக்கும்போது அடியில் தேள் இருக்கும் என்றே எண்ணித் தூக்குங்கள்.

டெம்பேவாசி எழுதியது:

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை விடியலில் ஏறிப் பார்த்தேன். சகோதரி வடிவு சொன்ன கறுத்த திட்டுகள் நிறைய உள்ளன. நடைவழிச் சீலிங்கில் ஒரு சதுரத் தட்டும் இருந்தது. மேலிருந்து பார்த்தால் அது மடல் துருப்பிடித்துப் பாதி திறந்த நிலையில் நின்றுபோன திறப்பு. மேற்கு அறைக்குப் போகும் டக்ட், கிளையாகப் பிரியும் இடத்தில் கழன்று, விரல்கள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறது. வெர்மிகுலைட் இல்லை. பட்டைகளில் எலிப் புழுக்கை கண்ட ஒரு மூலை தவிர மற்றவை சுத்தமாகவே இருக்கின்றன.

முதலில் டக்ட் சோதனையும் அடைப்பும், பிறகு துளைகள், அதன்பின் ஆர்-38 என்று முடிவு செய்துவிட்டேன். வெப்பக்காப்புக்கு 30 சதவீதம், 1,200 டாலர் வரை கிடைத்துவந்த மத்திய வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது என்பதால், முழுச் செலவும் நம் கையிலிருந்துதான். இரண்டு ஐயங்கள். ஃபைபர்கிளாஸா, செல்லுலோஸா? பின்னால் 1970-களில் சேர்த்துக் கட்டிய கூடத்துக்குத் தட்டையான கூரை, அட்டிக்கே கிடையாது. அதற்கு என்ன வழி?

மேசா_தணிக்கையாளர் எழுதியது:

கழன்ற அந்த டக்ட்தான் உங்கள் மாமியாரின் அறையைச் சுட வைக்கிறது, பெரும்பாலும். அதைச் சரிசெய்தபின்னும் மாலையில் அறை ஓரளவு சூடாகவே இருந்தால் வியக்க வேண்டாம். மேற்குப் பிளாக் சுவர் பகல் முழுதும் வாங்கிய வெயிலை இரவில் உள்ளே விடும். அட்டிக் வேலை அதைத் தீர்க்காது. வெளியே நிழல்வலையோ பந்தலோ மரமோ வேண்டும். சரிவு குறைந்த கூரை என்பதால் அந்தச் சுவரின் மேல்விளிம்பில் வெப்பக்காப்புக்கு நான்கைந்து அங்குல உயரமே கிடைக்கும். அங்கே கெட்டியான ஃபோம் பலகையை வெட்டி வைத்து, கூரை விளிம்பின் அடியில் காற்று வரும் சாஃபிட் வழியை அடைக்காதபடி தடுப்பு பொருத்தச் சொல்லுங்கள்.

செல்லுலோஸ் அங்குலத்துக்குச் சுமார் ஆர்-3.5, ஊதும் ஃபைபர்கிளாஸ் சுமார் 2.5. ஆர்-38-க்கு முன்னது பதினோரு அங்குலம், பின்னது பதினைந்து. உயரம் குறைந்த உங்கள் அட்டிக்கிற்குச் செல்லுலோஸ் பொருந்தும். எதை எடுத்தாலும் ஆழத்தை மட்டும் அளந்து ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்றை அதிகம் கலந்து ஊதினால் குறைந்த பொருளிலேயே ஆழம் வந்துவிடும், சில மாதங்களில் அமுங்கியும் விடும். ஒவ்வொரு பையின் மேலும், எத்தனை சதுர அடிக்கு எத்தனை பை என்ற அட்டவணை அச்சிட்டிருக்கும். உங்கள் 1,500 சதுர அடிக்கு வேண்டிய பைகளைக் கணக்கிட்டு, வேலை முடிந்ததும் காலிப் பைகளை எண்ணிப் பாருங்கள். அட்டிக் வாசல் கதவையும் மறக்க வேண்டாம். பத்துச் சதுர அடிப் பலகை ஆர்-2 ஆகவே நின்றால், ஆர்-38 போட்ட மொத்தச் சீலிங்கும் விடும் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்கை அது தனியாக விடும்.

தட்டைக் கூரைக்கு வெளியிலிருந்துதான் வழி. மேலேயே பாலியூரித்தேன் ஃபோம் அடித்து அதன்மேல் வெள்ளைப் பூச்சு பூசுவது அரிசோனாவில் நெடுங்காலமாக உள்ள முறை. வெப்பக்காப்பும் நீர்த்தடையும் ஒன்றாகக் கிடைக்கும். வெயில் பட்டால் ஃபோம் சிதைந்துவிடும் என்பதால் அந்தப் பூச்சைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். பருவமழைக் காலம் ஜூன் 15-இல் தொடங்குகிறது. கூரை வேலையை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். நாளையே டக்ட் சோதனைக்கு நாள் குறித்துவிடுங்கள், வசந்தம் வந்தால் யாருக்கும் நேரம் கிடைக்காது.